டிஎன்இஏ கவுன்சிலிங்: எந்த காலேஜ்னு முடிவு பண்றது எப்படி, சாய்ஸ் லிஸ்ட் போடறது எப்படி

தமிழ்நாட்டுல பி.இ., பி.டெக். சேரப் போற பிள்ளைங்களுக்கும் அவங்க அப்பா அம்மாவுக்கும் எழுதறேன். இன்ஜினியரிங் சீட்ட ரேங்க் வரிசையில ஒதுக்கற அரசு கவுன்சிலிங் தான் டிஎன்இஏ, அதுல நமக்கு வேணும்ங்கற காலேஜையும் பிராஞ்சையும் வரிசையா எழுதிக் கொடுக்கறது தான் சாய்ஸ் லிஸ்ட். வருஷா வருஷம் பாக்கறது தான், 180 கட்ஆஃப் வெச்சிருக்கற பையன் 160க்கே சீட் கெடைக்கற காலேஜ்ல போய் உக்காந்திருப்பான், ஏன்பா இப்படின்னு கேட்டா லிஸ்ட்ட பிரவுசிங் சென்டர்ல ஒரு அண்ணன் போட்டுக் கொடுத்தாருன்னு சொல்வான். ரெண்டு வருஷம் ராத்திரி பகல் பாக்காம படிச்சு வாங்குன மார்க்க அரை மணி நேரத்துல யாரோ ஒருத்தர் கையில கொடுத்துட்டு வர்றது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. எந்த காலேஜ்ங்கறத உங்க வீட்ல, உங்க நோட்டுல, நீங்களே உக்காந்து எழுதி முடிவு பண்ணுங்க. அதுக்கு என்ன பாக்கணும், எங்க பாக்கணும், லிஸ்ட்ட எந்த வரிசையில போடணும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கட்ஆஃப விட ரேங்க்க பாருங்க

கட்ஆஃப் கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது தான், மேத்ஸ் முழுசா 100க்கு, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி, மொத்தம் 200. மேத்ஸ் 92, பிசிக்ஸ் 86, கெமிஸ்ட்ரி 90ன்னா 92, 43, 45 சேர்த்து 180. இந்த 180ஐ கையில வெச்சுக்கிட்டு போன வருஷ கட்ஆஃப் லிஸ்ட்ட பாத்து "எனக்கு அந்த காலேஜ் கன்ஃபார்ம்"னு சொல்லிக்கறாங்க பாருங்க, அங்க தான் மொத தப்பு நடக்குது. ஒரு வருஷம் மேத்ஸ் பேப்பர் ஈஸியா வந்துச்சுன்னா 180க்கு மேல நிக்கற கூட்டம் திடீர்னு ஏறிடும், கஷ்டமா வந்தா கொறஞ்சிடும், அதனால மார்க் அதே 180 தான்னாலும் வரிசையில உங்க எடம் எங்கயோ போயிடும். ரேங்க் அந்த அளவுக்கு ஆடாது. போன வருஷம் உங்க ரேங்க்குக்கு பக்கத்துல இருந்தவங்களுக்கு எது கெடச்சுதோ ஏறக்குறைய அதுக்கு பக்கத்துல தான் உங்களுக்கும் கெடைக்கும்.

அதனால ரேங்க் லிஸ்ட் வர்ற வரைக்கும் கட்ஆஃப வெச்சு மனசுல ஒரு கோட்ட கட்டாதீங்க. ரேங்க் வந்ததும் ரெண்டு நம்பர எழுதி வெச்சுக்கோங்க, ஒன்னு ஜெனரல் ரேங்க், இன்னொன்னு கம்யூனிட்டி ரேங்க். நம்ம ஸ்டேட்ல 69 சதவீத இடஒதுக்கீடு, பொதுப் பிரிவு 31, பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. டி.என்.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. பொதுப் பிரிவு சீட்டுக்கு எல்லா கம்யூனிட்டி பிள்ளைங்களும் போட்டி போடலாம்ங்கறத மறந்துடாதீங்க, நான் பி.சி., அதனால பி.சி. சீட் மட்டும் தான் எனக்குன்னு நெனச்சுக்கிட்டு நிறைய பேர் நல்ல காலேஜ லிஸ்ட்லயே சேக்கறதில்ல.

டிஎன்இஏ வெப்சைட்லயே போன வருஷங்களோட கட்ஆஃப் விவரம் காலேஜ் வாரியா, பிராஞ்ச் வாரியா, கம்யூனிட்டி வாரியா கெடைக்கும். ஒரு வருஷத்த மட்டும் பாக்காம ரெண்டு மூணு வருஷத்த பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, ஒரு காலேஜ் மேல போகுதா கீழ வருதான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவங்களுக்கு 2021ல இருந்து 7.5 சதவீத தனி ஒதுக்கீடு இருக்கு, அந்த ஒதுக்கீட்டுல கெடைக்கற சீட்டுக்கு டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டுது. உங்க பிள்ளை அதுல வர்றாங்கன்னா மொதல்ல அதைத் தான் பாக்கணும், நீங்க நெனச்சுக்கூட பாக்காத காலேஜ் எல்லாம் அதுல எட்டற தூரத்துல இருக்கும்.

லிஸ்ட்ட கம்ப்யூட்டர் எப்படி படிக்குது

இது புரிஞ்சா பாதி பயம் போயிடும், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க.

2017 வரைக்கும் பிள்ளைங்க நேர்ல கிண்டிக்கு அண்ணா யுனிவர்சிட்டிக்குப் போய், ஸ்க்ரீன்ல எந்த காலேஜ்ல எத்தனை சீட் காலியா இருக்குன்னு பாத்துட்டு அங்கயே எடுத்துக்குவாங்க. 2018ல ஆன்லைன் ஆச்சு, 2019ல இருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துது. இப்ப காலி சீட்ட கண்ணால பாத்து எடுக்கற வசதி இல்ல, உங்களுக்கு முன்னாடி இருக்கறவங்க எதை எடுப்பாங்கன்னு தெரியாமலே முன்கூட்டியே லிஸ்ட் கொடுக்கணும். ரேங்க் வாரியா பிள்ளைங்கள சில ரவுண்டா பிரிச்சு கூப்பிடுவாங்க, உங்க ரவுண்ட் வரும்போது கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருத்தர் லிஸ்ட்டையும் எடுக்கும். உங்க முறை வந்ததும் உங்க மொத சாய்ஸ்ல பொதுப் பிரிவுலயோ உங்க கம்யூனிட்டியிலயோ சீட் மிச்சம் இருக்கான்னு பாக்கும், இருந்தா அதைக் கொடுத்துட்டு நின்னுடும், இல்லன்னா ரெண்டாவது, அப்புறம் மூணாவது, இப்படியே கீழ இறங்கிக்கிட்டே போகும்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒன்னு, கெடைக்காத காலேஜ மேல போட்டா எந்த நஷ்டமும் இல்ல. "கிண்டி இன்ஜினியரிங் காலேஜ மொத எடத்துல போட்டுட்டா ரெண்டாவதா போட்டதுக்கு மதிப்பு போயிடும்"னு ஒரு பேச்சு சுத்திக்கிட்டே இருக்கும், அதுல துளி உண்மை கெடையாது. நீங்க பத்தாவதா போட்ட காலேஜ, உங்களுக்கு அடுத்த ரேங்க்ல இருக்கற பையன் மொதல்லயே போட்டிருந்தாலும், ரேங்க்ல முன்னாடி இருக்கற உங்களுக்குத் தான் முன்னுரிமை. ரெண்டு, கம்ப்யூட்டர் மேல இருந்து கீழ வரும்போது எதுல சீட் இருக்கோ அங்கயே நின்னுடறதால, உங்களுக்கு கம்மியா புடிச்ச ஒன்ன ரொம்ப புடிச்ச ஒன்னுக்கு மேல போட்டீங்கன்னா அந்த கம்மி புடிச்சதே கையில வந்து உக்காந்துடும், புடிச்சத கம்ப்யூட்டர் திரும்பிக்கூட பாக்காது. பிரவுசிங் சென்டர்ல "கெடைக்கறத மேல போடுவோம் தம்பி, அப்ப தான் சேஃப்"னு சொல்றாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையில தான் 180 கட்ஆஃப் பையன் 160 காலேஜுக்கு போறான்.

சேஃப்டி வேணும்னா லிஸ்ட்டோட நீளத்துல தேடுங்க, வரிசையில கை வெக்காதீங்க. எத்தனை சாய்ஸ் வேணும்னாலும் கொடுக்கலாம், வரம்பே கெடையாது. ரேங்க் முன்னாடி இருக்கறவங்களுக்கு இருபது முப்பது போதும், நடுவுல பின்னாடி இருக்கறவங்க அறுபது எண்பதுன்னு போகணும். அஞ்சாறு மட்டும் போட்டுட்டு ஒன்னும் அலாட் ஆகலைன்னு அழற பிள்ளைங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க.

காலேஜ எதை வெச்சு எடை போடறது

பேனர், யூடியூப் விளம்பரம், கேட்ல இருக்கற வளைவு, இதெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி வெச்சுடுங்க. காலேஜ் தானே கையெழுத்துப் போட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கற கணக்கு இருக்கு, அதைத் தேடி எடுங்க.

என்ஐஆர்எஃப்னு மத்திய அரசு காலேஜுங்களுக்குப் போடற ரேங்கிங் இருக்கு, அதுல கலந்துக்கற காலேஜ் எல்லாம் ஒரு பிடிஎஃப் கொடுக்கும், 2016ல இருந்து இந்த ரேங்கிங் வருது. ரேங்க் எத்தனைங்கறத விட அந்த பிடிஎஃப் தான் பொக்கிஷம், காலேஜ் பேர் போட்டு பக்கத்துல என்ஐஆர்எஃப் டேட்டான்னு போட்டு தேடுங்க, காலேஜ் வெப்சைட்லயும் கெடைக்கும். உள்ள போய் நாலு வருஷ யூஜி பிளேஸ்மென்ட்னு ஒரு டேபிள் இருக்கும், அதுல மொத வருஷம் எத்தனை பேர் சேந்தாங்க, சரியா நாலு வருஷத்துல எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கெடச்சுது, மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல படிக்கப் போனாங்கன்னு வரிசையா இருக்கும். சும்மா ஒரு கணக்குக்கு சொல்றேன், 600 பேர் சேந்து 410 பேர் நாலு வருஷத்துல முடிச்சு, அதுல 240 பேருக்கு வேலை, மீடியன் 3 லட்சம்னு இருந்துச்சுன்னு வைங்க. அந்த காலேஜ் வாசல்ல "95 சதவீத பிளேஸ்மென்ட், 24 லட்சம் பேக்கேஜ்"னு பேனர் தொங்கலாம், ரெண்டும் பொய்யா இருக்கணும்னு அவசியமே இல்ல, 24 லட்சம் ஒரே ஒரு பொண்ணு வாங்கியிருப்பா, 95 சதவீதம்ங்கறது அரியர் இல்லாம பிளேஸ்மென்ட்டுக்கு பேர் கொடுத்த கொஞ்சம் பேர வெச்சு போட்ட கணக்கா இருக்கும். ஆனா உங்க வீட்டுப் பிள்ளைய தொடற நம்பர் வேற. 600 பேர்ல 190 பேர் நேரத்துக்கு முடிக்கவே இல்ல, மீடியன் 3 லட்சம்னா வேலை கெடச்சவங்கள்ல பாதி பேர் அதுக்கும் கீழ தான் வாங்கறாங்க. பத்து காலேஜுக்கு இந்த டேபிள மட்டும் எடுத்து நோட்டுல எழுதிப் பாருங்க, பேர வெச்சு நீங்க போட்ட வரிசை தலைகீழா மாறிடும். ஒரு கொற என்னன்னா இது மொத்த காலேஜுக்குமான கணக்கு, பிராஞ்ச் வாரியா இருக்காது, அதை மாணவர்கள் கிட்ட தான் கேக்கணும்.

அடுத்து என்பிஏ. நாக், என்பிஏ ரெண்டும் தரத்த சரிபாத்து அங்கீகாரம் தர்ற அமைப்புங்க, நாக் மொத்த காலேஜுக்கும் தர்றது, என்பிஏ ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியா தர்றது. "என்பிஏ அக்ரெடிட்டட் காலேஜ்"னு எழுதியிருந்தா எந்தெந்த பிராஞ்சுக்கு, எந்த வருஷம் வரைக்கும்னு பாருங்க. மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் வாங்கி வெச்சிருப்பாங்க, நீங்க சேரப் போற ஏஐ டேட்டா சயின்ஸுக்கு இருக்காது. புதுசா ஆரம்பிச்ச பிராஞ்ச்னா இன்னொரு கேள்வியும் கேளுங்க, ஒரு பேட்ச்சாவது படிச்சு முடிச்சு வெளிய வந்திருக்கான்னு. வரலைன்னா அந்த பிராஞ்சுக்கு பிளேஸ்மென்ட் ரெக்கார்டே கெடையாது, அவங்க காட்டறது வேற பிராஞ்சோடது.

அட்டானமஸ் காலேஜ்னா சிலபஸ், எக்ஸாம் எல்லாம் காலேஜே நடத்தும், டிகிரி அண்ணா யுனிவர்சிட்டி பேர்ல தான் வரும். நல்ல காலேஜ் கையில இது நல்ல விஷயம், சிலபஸ்ஸ சீக்கிரம் மாத்துவாங்க, ரிசல்ட் சீக்கிரம் வரும். சுமாரான காலேஜ்ல பாஸ் போட்டுத் தள்ற வேலையும் நடக்கும். அட்டானமஸ் இல்லாத காலேஜ்னா அண்ணா யுனிவர்சிட்டியே பேப்பர் போட்டு திருத்தறதால, அவங்க வெளியிடற செமஸ்டர் பாஸ் சதவீத லிஸ்ட்ல காலேஜோட லட்சணம் அப்படியே தெரியும். பாஸ் சதவீதம் முப்பதுக்கும் கீழ இருக்கற காலேஜ எவ்வளவு பக்கத்துல இருந்தாலும் லிஸ்ட்ல சேக்காதீங்க, நாலு வருஷம் கழிச்சு கையில டிகிரி இல்லாம அரியர் எழுதிக்கிட்டு இருக்கற வேதனை உங்க பிள்ளைக்கு வேண்டாம்.

ஆசிரியர்கள் விஷயம் தான் எனக்கு ரொம்ப கவலை. இன்ஜினியரிங் காலேஜுங்களுக்கு விதி போடற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ கணக்குப்படி 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் இருக்கணும். 2024ல ஊழலுக்கு எதிரா வேலை செய்யற அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்த வெளிய கொண்டு வந்தாங்க ஞாபகம் இருக்கும், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்துல பல காலேஜ்ல ஃபுல் டைமா வேலை பாக்கறதா கணக்கு காட்டியிருந்தாங்கன்னு. அதனால வெப்சைட்ல இருக்கற ஃபேக்கல்ட்டி லிஸ்ட்ட மட்டும் நம்பாம, அங்க படிக்கற பிள்ளைங்க கிட்ட "இந்த செமஸ்டர் உனக்கு எடுக்கற ஆறு சப்ஜெக்ட் சார் மேடம் பேர சொல்லு, அவங்க போன வருஷமும் இருந்தாங்களா"ன்னு கேளுங்க. வருஷா வருஷம் ஆள் மாறிக்கிட்டே இருந்தா அங்க சம்பளம் சரியா தர்றதில்லைன்னு புரிஞ்சுக்கலாம். இன்னொன்னு, 2024-25ல இருந்து நல்லா நடக்கற காலேஜுக்கு சீட் எண்ணிக்கையில இருந்த உச்சவரம்ப ஏஐசிடிஇ எடுத்துடுச்சு, அதனால சில பெரிய காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் செக்ஷன் மேல செக்ஷனா வளந்துக்கிட்டே போகுது. போன வருஷத்த விட சீட் கூடியிருந்தா கட்ஆஃப் கொஞ்சம் இறங்கும், அது உங்களுக்கு லாபம், ஆனா லேபும் ஆசிரியரும் அதே அளவுக்கு கூடிச்சான்னு கேட்டுட்டு சேருங்க.

நேர்ல போங்க, அதுவும் காலேஜ் நடக்கற நாள்ல போங்க. அட்மிஷன் ஆஃபீஸ்ல காபி கொடுத்து சுத்திக் காட்டறது ஒரு காலேஜ், சாயங்காலம் நாலு மணிக்கு பஸ் ஸ்டாப்ல நிக்கற மூணாவது வருஷத்துப் பிள்ளைங்க சொல்றது இன்னொரு காலேஜ். அவங்க கிட்ட பொதுவா "காலேஜ் நல்லாருக்கா"ன்னு கேட்டா "நல்லாருக்கு"ன்னு தான் சொல்வாங்க. குறிப்பா கேளுங்க. போன வாரம் லேப்ல என்ன பண்ணீங்க, மூணு பேருக்கு ஒரு சிஸ்டமா ஆளுக்கு ஒன்னா, ஃபைன் எதுக்கெல்லாம் போடறாங்க, உங்க சீனியர்ல உனக்கு நேர்ல தெரிஞ்ச எத்தனை பேருக்கு வேலை கெடச்சுது, ஹாஸ்டல்ல தண்ணி வருதா. லேப் ரூம் கதவுல பூட்டு தொங்குதா, பெஞ்சுல தூசி இருக்கா, லைப்ரரியில உக்காந்து யாராவது படிக்கறாங்களா, இதெல்லாம் யாரையும் கேக்காமலே கண்ணுக்குத் தெரியும். நேர்ல போக முடியலைன்னா லிங்க்ட்இன்ல காலேஜ் பேர போட்டு, நீங்க எடுக்கப் போற பிராஞ்ச்ல ரெண்டு மூணு வருஷம் முன்னாடி முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஒரு ஐம்பது பேர பாருங்க, விளம்பரத்துல எவ்வளவு உண்மைன்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

ஒரு எச்சரிக்கை, பேர் கொழப்பம். ஒரே டிரஸ்ட் மூணு காலேஜ் நடத்தும், ஒன்னு இன்ஜினியரிங் காலேஜ், ஒன்னு காலேஜ் ஆஃப் டெக்னாலஜி, ஒன்னு இன்ஸ்டிடியூட்னு பேர் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கும், தரத்துல மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கும். அதனால பேர வெச்சு போடாதீங்க, கவுன்சிலிங் கோட வெச்சு போடுங்க. கிண்டி 1, குரோம்பேட்டை எம்ஐடி 4ன்னு ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு நம்பர் உண்டு. அப்புறம் விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா, அமிர்தா மாதிரி டீம்டு யுனிவர்சிட்டிங்க இந்த கவுன்சிலிங்குக்குள்ள வராது, அதுக்கு தனியா தான் அப்ளை பண்ணணும்.

பிராஞ்சா காலேஜா

வீட்டுக்கு வீடு நடக்கற சண்டை இது. என்னோட கருத்த சொல்லிடறேன். அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸ், கோயம்புத்தூர் ஜிசிடி, பிஎஸ்ஜி டெக், சிஐடி, மதுரை தியாகராஜர் மாதிரி பேர் சம்பாதிச்ச காலேஜ் எட்டற ரேங்க்ல இருந்தா, பிராஞ்ச்ல கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ட்ரிபிள்இ, இசிஇ, மெக்கானிக்கல் எதுவா இருந்தாலும் அங்க கூட படிக்கற பிள்ளைங்க, சீனியருங்க, வர்ற கம்பெனிங்க உங்கள தூக்கி விட்டுடுவாங்க, ஐடி கம்பெனிங்க பலதும் எந்த பிராஞ்சா இருந்தாலும் எடுக்குது. அந்த உயரத்துல இருந்து கீழ இறங்க இறங்க, நடுத்தர காலேஜுங்களுக்குள்ள காலேஜ் பேரால வர்ற வித்தியாசம் கொறஞ்சுக்கிட்டே வரும், அங்க புடிச்ச பிராஞ்ச், வீட்டுக்கு பக்கம், கம்மி செலவு இந்த மூணும் தான் ஜெயிக்கணும். காலேஜ் பேருக்காக சுத்தமா புடிக்காத பிராஞ்ச எடுக்கச் சொல்லி பிள்ளைய கட்டாயப்படுத்தாதீங்க, சேந்தப்புறம் பிராஞ்ச் மாத்திக்கலாம்னு சொல்றத நம்பியும் சேராதீங்க, அந்த வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி.

எல்லாரும் சிஎஸ்இ பின்னாடி ஓடறதால ட்ரிபிள்இ, சிவில், மெக்கானிக்கல்ல நல்ல அரசு காலேஜ் சீட்டே பின்தங்கின ரேங்க்குக்கும் வருது. மின்வாரியம், பொதுப்பணித்துறை, கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி பொதுத்துறை நிறுவனம்னு அரசு வேலை மனசுல இருக்கற பிள்ளைங்களுக்கு இது பெரிய வாய்ப்பு, யோசிச்சுப் பாருங்க. காரைக்குடி, சேலம், திருநெல்வேலி, பர்கூர்னு அரசு இன்ஜினியரிங் காலேஜுங்கள்ல ஃபீஸும் ரொம்ப கம்மி.

செலவு கணக்கு

டியூஷன் ஃபீஸ மட்டும் பாத்துட்டு உக்காந்துடாதீங்க. பஸ் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் ஃபீஸ், டிரெய்னிங் ஃபீஸ், புக்ஸ், யூனிஃபார்ம்னு தனித்தனியா வரும், நாலு வருஷத்துக்கும் சேத்து ஒரே நம்பரா கேளுங்க, முடிஞ்சா எழுதி வாங்குங்க. அரசு உதவி வாங்கற எய்டட் காலேஜ்ல ஒரே காலேஜுக்குள்ள எய்டட் சீட்டுக்கு ஒரு ஃபீஸ், செல்ஃப் ஃபைனான்ஸ் சீட்டுக்கு இன்னொரு ஃபீஸ் இருக்கும், சாய்ஸ் லிஸ்ட்ல பிராஞ்ச் பேருக்குப் பக்கத்துல போட்டிருக்கறத கவனமா படிங்க.

குடும்பத்துல மொத பட்டதாரின்னா அந்த சர்டிபிகேட்ட இ-சேவை மையத்துல முன்னாடியே வாங்கி வெச்சுடுங்க, டியூஷன் ஃபீஸ்ல சலுகை கெடைக்கும். ஆனா அது கவுன்சிலிங்ல வர்ற சீட்டுக்குத் தான், காலேஜ் நிர்வாகமே நேரடியா கொடுக்கற மேனேஜ்மென்ட் சீட்டுக்கு கெடையாது. ரிசல்ட் வந்த உடனே போன் பண்ணி "அட்வான்ஸ் கட்டிடுங்க, சீட் போயிடும்"னு அவசரப்படுத்தற ஏஜெண்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க. கவுன்சிலிங்ல வரிசையா கெடைக்கக்கூடிய சீட்டையே மேனேஜ்மென்ட்ல அதிக காசுக்கு வாங்கின குடும்பங்கள் எத்தனையோ. நன்கொடை வாங்கறதுக்கு எதிரா 1992லயே நம்ம ஸ்டேட்ல சட்டம் இருக்கு. கவுன்சிலிங் முடியற வரைக்கும் யாருக்கும் ஒரு ரூபா கொடுக்காதீங்க, ஒரிஜினல் சர்டிபிகேட்ட கண்டிப்பா கொடுக்காதீங்க. அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைங்களுக்கு புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது, அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

பயண நேரமும் செலவு தான். காலேஜ் பஸ் காலைல ஆறு மணிக்கு வந்து சாயங்காலம் ஏழு மணிக்கு எறக்கி விட்டா அந்தப் பிள்ளை எப்ப படிக்கும், எப்ப தூங்கும்? ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போனா ஹாஸ்டல யோசிங்க, இல்ல அந்த காலேஜ லிஸ்ட்ல கீழ எறக்குங்க.

லிஸ்ட்ட எழுதற விதம்

ஒரு கோடு போட்ட நோட்டு எடுங்க. ஒரு வரியில காலேஜ் கோட், பிராஞ்ச், போன வருஷம் உங்க கம்யூனிட்டியில அது எந்த ரேங்க்ல முடிஞ்சுது, நாலு வருஷ செலவு, போக வர நேரம், பிள்ளைங்க சொன்னதுல ஒரு வரி. காலேஜும் பிராஞ்சும் சேந்தது தான் ஒரு சாய்ஸ், ஒரே காலேஜ்ல மூணு பிராஞ்ச் புடிச்சிருந்தா மூணு வரி. உங்க ரேங்க்குக்கு எட்டாதது கொஞ்சம், பக்கத்துல இருக்கறது நிறைய, கண்டிப்பா கெடைக்கும்ங்கறது கொஞ்சம்னு எல்லாம் கலந்து இருக்கட்டும்.

எழுதி முடிச்சதும் வரிசைய சரி பாக்க ஒரு வழி சொல்றேன். மேல இருந்து அடுத்தடுத்த ரெண்டு வரிய எடுத்துக்கிட்டு, "இந்த ரெண்டு சீட்டும் இப்ப கையில இருந்தா எதுல சேருவே?"ன்னு பிள்ளைய கேளுங்க. கீழ இருக்கறதுலன்னு சொன்னா ரெண்டையும் மாத்துங்க. இப்படியே கடைசி வரைக்கும் வாங்க, திரும்ப மேல இருந்து ஒரு தடவ போங்க, மாத்த ஒன்னும் இல்லைங்கற வரைக்கும். கடைசி வரியில இருக்கறதுலயும் "இதுல சேருவேன்"னு பிள்ளை சொல்லணும், சேர மாட்டேன்னா அதை அடிச்சுடுங்க. அப்பா அம்மா செலவையும் தூரத்தையும் சொல்லுங்க, எது பிடிக்குதுங்கறத பிள்ளையே சொல்லட்டும், நாலு வருஷம் அங்க போய் உக்காரப் போறது அவங்க தான்.

சாய்ஸ் ஃபில்லிங் மூணு நாள் மாதிரி தான் தருவாங்க, நோட்டு ரெடியா இருந்தா ஒரு மணி நேர வேலை. கடைசி நாள் ராத்திரிக்கு விடாதீங்க. சிஸ்டம் இல்லாதவங்க மாவட்டத்துல இருக்கற டிஎன்இஏ உதவி மையத்துக்குப் போங்க, காசு கெடையாது. வேற யார் சிஸ்டத்துல போட்டாலும் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் நீங்களே டைப் பண்ணுங்க, அவங்க கிட்ட சொல்லாதீங்க, லாக் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா கோட் நம்பர நோட்டோட ஒத்துப் பாத்து, பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கோங்க.

அலாட்மென்ட் வந்தப்புறம்

மொதல்ல தற்காலிக ஒதுக்கீடு வரும். அதுக்கு குறிப்பிட்ட நாளுக்குள்ள பதில் சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா சீட் கைய விட்டுப் போயிடும், அந்த ரெண்டு நாள் ஊருக்கு எங்கயும் கெளம்பிடாதீங்க. அஞ்சு வழி இருக்கும். இந்த சீட் போதும், சேந்துக்கறேன். இதை எடுத்துக்கறேன், மேல இருக்கற சாய்ஸ் காலியானா அதுக்கு மாத்துங்க. இது வேண்டாம், மேல இருக்கறது வந்தா மட்டும் போதும். இது வேண்டாம், அடுத்த ரவுண்டுக்கு வர்றேன். கவுன்சிலிங்கே வேண்டாம், வெளிய போறேன்.

பெரும்பாலானவங்களுக்கு மொத ரெண்டு தான் சரி. மொத சாய்ஸே வந்துட்டா சேந்துக்கறேன்னு போடுங்க. அஞ்சாவதோ பத்தாவதோ வந்திருந்தா ரெண்டாவது வழிய எடுங்க, கையில இருக்கற சீட் அப்படியே பத்திரமா இருக்கும், முன்னாடி ரேங்க்ல ஐஐடி, என்ஐடி, மெடிக்கல்னு கெளம்பறவங்க விட்டுட்டுப் போற சீட் காலியானா உங்க லிஸ்ட்ல மேல இருக்கறதுக்கு தானா மாறும். மேலன்னா நீங்க போட்ட வரிசையில மேல. அப்படி மாறினா பழைய சீட் திரும்ப வராது, வரிசைய அவ்வளவு கவனமா எழுதச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். மூணாவது, நாலாவது வழி கையில இருக்கறத விட்டுட்டு நிக்கறது, வந்த சீட்ல சேரவே போறதில்லைங்கற உறுதி இருந்தா மட்டும் தொடுங்க. ஆனா லிஸ்ட்ட ஒழுங்கா எழுதியிருந்தா அப்படி ஒரு சீட் வந்திருக்கவே கூடாது.

சேந்துக்கறேன்னு கொடுத்தவங்க சொன்ன தேதிக்குள்ள காலேஜுக்குப் போய் ஃபீஸ் கட்டணும், மேல போகக் காத்திருக்கறவங்க உதவி மையத்துல கட்டணும், ரெண்டுலயும் தேதி தவறினா சீட் போயிடும். ஒரிஜினல் எல்லாத்தையும் ஸ்கேன் எடுத்து, அஞ்சு செட் ஜெராக்ஸும் போட்டு வெச்சுக்கோங்க. காலேஜ்ல ஒரிஜினல சரிபாக்க கேட்டா காட்டுங்க, எதையாவது வாங்கி வெச்சுக்கிட்டாங்கன்னா என்னென்ன வாங்கினாங்கன்னு சீல் போட்ட ரசீது இல்லாம அங்க இருந்து கெளம்பாதீங்க. பின்னாடி வேற சீட் கெடச்சு மாறப் போறேன்னு சொன்னா ஒரிஜினல தர மாட்டோம்னு புடிச்சு வெக்கறதுக்கு ஏஐசிடிஇ விதியில எடம் கெடையாது, அப்படி யாராவது சொன்னா எழுத்துல புகார் கொடுங்க, கையில அந்த ரசீது இருந்தா வேலை சுலபம்.